டானிபுரூக் என்று நான் முழங்கிய நாள்

இன்று காலை ஏனாத்தூர்ப் பேருந்தில், கைப்பேசியின் ஆங்கில அகராதி 'இன்றைய சொல்' என்று ஒன்றை நீட்டியது: டானிபுரூக். கும்பலாக அடித்துக்கொள்ளும் கைகலப்பு, பேச்சு வழக்கு. படித்ததுமே டிஞ்சர் வாடை அடித்தது எனக்கு.

அந்த வாடைக்குப் பின்னால் ஒரு கல்லூரிச் சொற்போர் மேடை இருக்கிறது, நண்பரே. அரிய ஆங்கிலச் சொற்களைக் குறிப்பேட்டில் சேர்த்து, அம்பறாத்தூணி போல் சுமந்து திரிந்த பெருமிதக்காரன் நான். காஞ்சியின் பெயரைக் காப்பது கோயிலா, தறியா என்பது அன்றைய தலைப்பு. நான் கோயில். தறிக்கு வாதாடியவன் நாவல்குளத் தெரு டில்லிபாபு; காவலர் தேர்வில் வென்று, பணி ஆணைக்குக் காத்திருந்தவன். அவனுக்கு விழுந்த கைதட்டல் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து முழங்கினேன்:

"அயர்லாந்தில், டப்ளின் அருகே டானிபுரூக் என்றோர் ஊர். ஆண்டுதோறும் சந்தை, சந்தைதோறும் குடி, தடி, உடைந்த மண்டை. சந்தையை நிறுத்தினார்கள், அடிதடிக்கு அவ்வூர்ப் பெயரே நிலைத்தது. நம் காஞ்சியின் டானிபுரூக் எது? எதிரணித் தலைவரின் நாவல்குளத் தெரு!"

அரங்கம் அதிர்ந்தது. சொல்லின் பிறப்பை இத்தனை கச்சிதமாக எவன் விளக்குவான் என்று அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன், மறைப்பானேன்?

டில்லிபாபு என்னருகே வந்தான். "இன்னாபா சொல்லிக்கினு இருக்கற? அங்க எத்தினி குடும்பம் இருக்குது, அல்லாரும் ரவுடியா? வாபஸ் வாங்குபா."

"வந்துட்டாருடா நாட்டாமை!" என்ற என் அணித் தோழன் பாஸ்கர், இரும்பு நாற்காலியை மடக்கி அவன் முகத்தில் அறைந்தான். பல்லொன்று தெறித்து உருண்டது. நாவல்குளத்து நண்பர்கள் மேடையேறினார்கள். ஒலிவாங்கித் தண்டு பாஸ்கரின் தோளில் இறங்கியது. குத்துவிளக்கு ஒருவன் நெற்றியைப் பிளந்தது. எண்ணெயிலும் இரத்தத்திலும் கால்கள் வழுக்கின. சொல்வேந்தனாகிய நான் மேசைக்கடியில் இருந்தேன்.

மருத்துவமனையில் காவல் ஆய்வாளர் என்னைக் கேட்டார்: "யாருபா மொதல்ல கை வெச்சது?"

பாஸ்கர் என் தொடையைக் கிள்ளினான். வாயில் பஞ்சோடு டில்லிபாபு சொன்னான்: "நீ சொன்னா நம்புவாங்கபா. நடந்தத சொல்லு, போதும்."

மணிக்கணக்கில் பேச வல்ல என் நா மூன்றே சொற்கள் பேசியது: "நாவல்குளத்துப் பசங்கதான், சார்."

வழக்கில் டில்லிபாபுவின் பெயர் முதலில் ஏறியது. பணி ஆணை வரவேயில்லை. அவன் குடும்பம் ஐயம்பேட்டைப் பக்கம் போய்விட்டது. கல்லூரி அந்தச் சொற்போரையும் நிறுத்திவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, சென்ற வாரம், அதே கல்லூரி வாசல் தேநீர்க் கடையில் முதலாண்டு மாணவர் இருவர் முறைத்துக்கொண்டார்கள். "ரொம்ப பேசின, நாவல்குளம் காட்டிடுவேன்." "காட்டுடா, பாப்போம்!"

அத்தெருவை அவர்கள் கண்டிருக்கவே மாட்டார்கள். நாவல்குளம் என்றால் வெறும் ஒரு தெரு என்று மட்டுமே பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதை முடித்துவைத்தவன், நண்பரே, நான்.