ராட்காவின் தொண்டையும் ஒரு சிவப்பு எண்ணும்

செக் நாட்டு ஒஸ்ட்ராவா நகரில் டிராம் ஓட்டுகிற ராட்காவுக்குப் பனியும் பயமில்லை, குடித்துவிட்டு ஏறுகிறவர்களும் பயமில்லை. அவளுக்கு நாக்கு வறண்டுபோகிற அளவுக்குப் பயம் வந்தது தன் வீட்டுத் துணி அலமாரிக்குள்தான்.

கழுத்தில் ஒரு கட்டி. உயிருக்கு ஒன்றுமில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் அது குரல் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, பேச்சு வந்துவிடும், பாட்டுக்கு உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமையானால் ஆற்றங்கரைக் குடிலில் நெருப்பு மூட்டி, கிட்டாரோடு தானே கட்டிய பாட்டுகளைப் பாடுகிறவள் ராட்கா. கூட்டம் தொத்திறைச்சியைச் சுட்டுக்கொண்டே கேட்கும். ஒரு பாட்டைக்கூட யாரும் பதிந்து வைத்ததில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அத்தனையையும் பதிந்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

கையில் இருந்தது தம்பி ஓல்டா கொடுத்த பழைய மடிக்கணினி. புது விண்டோஸை அது தாங்காது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். ராட்கா இணையத்தில் துழாவி ஒரு பதிவுச் செயலியை இறக்கினாள். பழைய மைக் ஒன்றையும், அதைக் கணினியோடு சேர்க்கிற சின்ன ஒலிப்பெட்டியையும் வாங்கி, எதிரொலி வராமல் இருக்கக் குளிர்கால கோட்டுகளுக்கு நடுவே அலமாரிக்குள் மாட்டினாள். முதலில் பதிந்ததெல்லாம் கணினியின் விசிறிச் சத்தம்தான். செயலி அவள் மைக்கை விட்டுவிட்டு மடிக்கணினியின் சொந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால், பாடுகிற குரல் ஹெட்போனுக்குப் பிந்தி வந்து தாளத்தைக் குழப்பியது. பஃபரை, அதாவது கணினி சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்புகிற அளவை, குறைத்தால் தாமதம் போகும் என்று ஓர் இணைய மன்றத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். இருப்பதிலேயே சின்ன அளவில் வைத்தாள். தாமதம் போயிற்று. ஒரு பாட்டை முழுசாகப் பாடித் திருப்பிக் கேட்டாள்.

நீட்டிப் பாடிய இடமெல்லாம் குரல் பொரிந்தது. எண்ணெயில் தண்ணீர் தெறித்தது போல. மறுபடி பாடினாள், இன்னும் மோசம். கட்டி நரம்பைப் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து டிப்போவில் தலையாட்டலிலேயே பதில் சொன்னாள். கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, தொண்டைக்கு இதமென்று லிண்டன் பூத் தேநீராகக் குடித்தாள். அலமாரிக் கதவைத் திறக்கவே கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓல்டா கசகசாப் பணியாரத்தோடு வந்தான். அக்கா கிசுகிசுப்பதைப் பார்த்து முதலில் கிண்டலடித்தான், டிப்போவே இப்போதுதான் நிம்மதியாக இருக்குமாம். அவள் சிரிக்கவில்லை. ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள்.

"கேட்டியா? உடையுது பாரு. கத்தி படறதுக்கு முன்னாடியே போயிடுச்சுடா."

ஓல்டா பணியாரத்தை மென்றுகொண்டே மைக் முன்னால் போய் நின்று, கழுதை மாதிரி ஒரு பாட்டைக் கத்தினான். திருப்பிப் போட்டார்கள். அதிலும் பொரிந்தது.

"அப்போ எனக்கும் கட்டியாக்கா?"

திரையின் மூலையில் ஏறிக்கொண்டேயிருந்த சிவப்பு எண்ணைக் காட்டி, இது என்ன என்று கேட்டான். பாட்டில் தான் செய்த தப்புகளைக் கணினி எண்ணுகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஓல்டா தலையிலடித்துக்கொண்டான்.

"நீ டிராம் கதவைப் பட்டுனு சாத்தினா பாதிப் பேரு வெளியவே நின்னுடுவாங்கல்ல, அந்தக் கதைதான். பஃபர் சின்னதா இருந்தா இந்தக் கிழட்டுக் கணினிக்கு மூச்சு முட்டுது. சத்தம் துண்டு துண்டா விட்டுப்போகுது. அந்த எண்ணு அதைத்தான் சொல்லுது."

பஃபரைப் பெரிதாக்கினான். குரல் மறுபடி பிந்தி வருமே என்றாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, சொந்தக் குரலை நேரே கேட்டுக்கொண்டே பாடச் சொன்னான்.

பாடினாள். சிவப்பு எண் பூஜ்யத்திலேயே கிடந்தது. திருப்பிக் கேட்டபோது பொரிச்சல் இல்லை, மழைக்குப் பிறகு கழுவிவிட்ட தண்டவாளம் போலச் சுத்தம். ராட்கா கண்ணை மூடிக்கொண்டாள். பல நாளாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது.

மூன்றாவது அடியின் உச்சத்தில் லேசாக ஒரு கரகரப்பு. தம்பியின் மெல்லுகிற வாய் நின்றது. மறுபடி பாடினாள். எண் பூஜ்யம்தான், அதே இடத்தில் அதே கரகரப்பு.

ஓல்டா அவள் முகத்தைப் பார்க்காமல், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொஞ்சம் தாழ்த்திப் பாடி ஒட்டிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றான்.

"வேண்டாம். இது என்னோடது. நாளைக்கு டாக்டர் காதுல போடணும், அறுக்கறதுக்கு முன்னாடி அவரு கேக்கட்டும்."

சொன்னாளே தவிர, பயம் போகவில்லை. முன்னே எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தது, இப்போது தொண்டையில் ஓர் இடத்தில் வந்து நின்றுகொண்டது. ஓல்டா இன்றைக்குப் போதும், ஓய்வெடு என்றான். அவள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு மறுபடி அலமாரிக்குள் நுழைந்தாள்.

"அடுத்த பாட்டுக்குப் பட்டனை அமுக்குடா. குரல் இருக்கும்போதே எடுத்துடணும்."