இல்லாத பைக்கு வாங்கிய எடை

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் யாங்கோனில், தாமுவே பகுதியில், எங்கள் தெருவில் என்னைவிட அதிகமாக விமானம் ஏறியவர் யாரும் இல்லை. இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் என் செருப்பைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

நோயாளிகளுக்குத் துணையாகப் போவது என் வேலை. மூட்டுக்கும் இதயத்துக்கும் வைத்தியம் பார்க்க யாங்கோனிலிருந்து சென்னைக்குப் போகும் பர்மியர்களுக்கு அங்கே பேச ஒரு ஆள் வேண்டும். மருத்துவர் தமிழில் சொல்வதைப் பர்மியத்தில் சொல்வேன். நோயாளி பர்மியத்தில் முனகுவதைத் தமிழில் சொல்வேன். அடுத்தவர் பேச்சு என்றால் தடங்கலே இல்லாமல் பேசுவேன். என் பேச்சு என்று வந்தால்தான் நாக்கு உள்ளே போய்விடும்.

பர்மியத்தில் 'ஆனாதெ' என்று ஒரு சொல் உண்டு. பிறருக்குத் தொல்லை கொடுக்கக் கூசுவதை அப்படிச் சொல்வார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் அது கொஞ்சம் உண்டு. எனக்கு வியாதி அளவுக்கு உண்டு. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டால், சென்னை வரும்வரை நான் கழிப்பறைக்குப் போக மாட்டேன். கல்யாணமும் இப்படித்தான் ஆகாமல் போனது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவன் நான். அந்த வீட்டு மின்விசிறி எந்தப் பக்கம் சுற்றியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

எனக்குச் சாமான் கிடையாது. தோளில் ஒரு பை, அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, அவ்வளவுதான். டிக்கெட்டோடு இலவசமாகக் கிடைக்கும் இருபது கிலோவும் வீணாகவே போய்க்கொண்டிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் யாங்கோனின் பபேடான் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். வெல்வெட் செருப்பும், ஊறவைத்த தேயிலையான லப்பேயும், உலர்ந்த இறாலும் சென்னைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, அங்கிருந்து சேலையும் நைட்டியும் கொண்டுவருவார். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது என்று வரிசையில் யாரோ யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. காது மட்டும் எனக்குக் கூசுவதில்லை.

"இந்தாங்க, உங்க பை இவ்வளவுதானா?" என்று ஒரு நாள் கேட்டார்.

தலையாட்டினேன்.

"அப்ப என்னோடதுல ஒண்ண உங்க பேர்ல ஏத்திக்கட்டுமா? நல்லாப் பாத்துக்குங்க, செருப்பும் லப்பேயும்தான். ஒளிக்கிற சாமான் ஒண்ணும் இல்ல."

பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மறுபடியும் தலையாட்டினேன்.

அதிலிருந்து எப்போது விமான நிலையத்தில் என்னைக் கண்டாலும் கையை உயர்த்திக் கூப்பிடுவார். கூட்டத்தில் ஒருவர் என்னைத் தேடுவது எனக்குப் புதிது. வரிசையில் மற்ற ஆண்களை எல்லாம் 'அண்ணே' என்பார். என்னை மட்டும் 'இந்தாங்க' என்பார். அண்ணே என்று கூப்பிடாத ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு தமிழ் ஆண் எவ்வளவு தூரம் கற்பனை செய்வான் என்பதற்கு நானே சாட்சி. தலைமுடிக்குச் சாயம் பூசினேன். அது காதிலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயணம் முழுவதும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே இருந்ததால், நான் துணைக்குப் போன நோயாளி எனக்குப் பல்வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். அதையும் வாங்கி விழுங்கினேன்.

ஆனால் சென்னையில் இறங்கி, பை கைக்கு வந்ததும், "ரொம்ப நன்றிங்க" என்று அந்த அம்மாள் போய்விடுவார். அவருக்கு வேண்டியது நானா, என் இருபது கிலோவா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். கேட்கத்தான் வாய் இல்லை.

அப்போதுதான் விமானக் கம்பெனி புதுக் கட்டணங்களைக் கொண்டுவந்தது. மலிவு டிக்கெட்டில் இனிமேல் பெரிய பை கிடையாது, வேண்டுமானால் முன்கூட்டியே பணம் கட்டி கிலோ வாங்கிக்கொள்ள வேண்டும், பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள். அடிக்கடி போய்வருகிறவர்கள் கொதித்துப் போனார்கள். ஆளுக்கொரு தூக்குத் தராசோடு வர ஆரம்பித்தார்கள். விமான நிலையம் மீன் சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் தள்ளுபெட்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, எடை போட்டு முடித்ததும் மறுபடி மாட்ட முடியாமல் சென்னை வரை கையில் வைத்திருந்தார். பசீன் ஊர் அல்வா கொண்டுபோனவர்கள் அதிகப்படியான எடையை அங்கேயே பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். காலையில் போய் நின்றால் வயிறு நிறைந்துவிடும்.

"நாளைக்கு ஏணிப்படிக்கும் தனியாக் காசு கேப்பான், பாரு" என்றார் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு வியாபாரி.

"ஏறுறதுக்கா, எறங்குறதுக்கா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"ஏறுறதுக்குத்தான். எறங்காமக் குந்திக்கிட்டா நட்டம் அவனுக்குத்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அல்வாவோடு சிரித்தேன். ஆனால் உள்ளே பயம். எனக்கு டிக்கெட் எடுப்பது நோயாளியின் வீட்டார். துணைக்குப் போகிறவனுக்கு அவர்கள் மலிவு டிக்கெட்தான் எடுப்பார்கள். அதாவது என்னிடம் இனிமேல் ஒரு கிலோகூட இல்லை. இதை அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேறு ஆளைத் தேடிப் போவார். அந்தக் கை வேறு யாருக்கோ உயரும்.

ஆகவே டிக்கெட் கடைக்குப் போய் என் சம்பளத்திலிருந்து பணம் கட்டி இருபது கிலோ வாங்கினேன்.

"என்ன சாமான் கொண்டுபோறீங்க?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"துணி" என்றேன்.

அடுத்த பயணத்துக்கும் வாங்கினேன். அதற்கடுத்த பயணத்துக்கும் வாங்கினேன். கட்டணத்தைத் திட்டாத ஒரே பயணி நான்தான். கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் என் படத்தை மாட்டியிருப்பார்கள்.

நான்காவது முறை பிடிபட்டேன். அன்றைக்கு என்னோடு வந்தவர் முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகும் ஓய்வு பெற்ற ஆசிரியை. பர்மிய வழக்கப்படி அவரை 'சயாமா' என்று கூப்பிடுவேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்புக் கடை அம்மாள் வழக்கம்போலத் தன் பையைத் தூக்கி எடை மேடையில் வைத்தார். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுப் பர்மியத்தில், "ஊலே, நீங்கள் காசு கட்டி வாங்கின இருபது கிலோ இந்தப் பைக்குத்தானா?" என்று கேட்டாள். மாமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

அம்மாள் திரும்பினார். "காசு கட்டியா? நோயாளி வீட்ல எடுக்குற டிக்கெட்டோட சும்மா வர்றது இல்லையா?"

"இந்த டிக்கெட்டுக்குச் சும்மா எதுவும் கிடையாது" என்றாள் தமிழும் கொஞ்சம் தெரிந்த அந்தப் பெண். உதவி செய்வதாக நினைப்பு.

"போன தடவை?" என்று என்னைக் கேட்டார். நான் எடை மேடையைப் பார்த்தேன். "அதுக்கு முந்தி?"

சயாமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைக் கவனித்த கண். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவுண்டர் பெண்ணிடம், "நாற்காலியை இவருக்குக் கொடு அம்மா, நான் நடந்து வருகிறேன்" என்றார்.

அம்மாள் பையை மேடையிலிருந்து இறக்கினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி தூக்கி மேடையில் வைத்தார்.

"காசு கட்டியாச்சு. கட்டின காசு எதுக்கு வீணாப் போவணும்? ஏத்துங்க."

விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் சயாமாவின் நாற்காலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அம்மாள் வந்து எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன தடவ?"

"இதோட நாலு." குறைத்துச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"எதுக்கு?"

எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டால், சில நோயாளிகள் சம்பந்தமில்லாத இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். "சயாமாவுக்குத் தண்ணி வாங்கணும்" என்று எழுந்தேன். சயாமாவின் மடியில் நிறைந்த பாட்டில் இருந்தது.

"உக்காருங்க" என்றார் அம்மாள். உட்கார்ந்தேன். "கிலோ இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வேற ஆளப் பாத்திருப்பேன்ல?"

"அதான்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொல்ல நினைக்கவில்லை. அது தானாக வெளியே வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் ஒரு பெண்ணிடம் சொன்ன மிகப் பெரிய விஷயம் அதுதான், அதுவும் மூன்று எழுத்து.

ஒலிபெருக்கியில் வேறு ஏதோ ஊருக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டார்கள். பிறகு கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டக் குடுங்க."

கொடுத்தேன். பக்கத்தைப் பிரித்துத் தன் கைபேசியில் படம் எடுத்தார். "அடுத்த தடவ ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டாப் போடறேன். அப்படிப் போட்டா கிலோவச் சேத்துக் கணக்குப் பண்ணுவான். சீட்டும் பக்கத்துப் பக்கத்துலயே எடுத்துடறேன்."

"சீட்டுக்குத் தனியாக் காசு கேப்பானே."

"கட்டிக்கலாம்."

செருப்பு விலையில் ஒரு காசுகூடக் குறைக்காத பெண் அவர். இந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பான். நான், "என் டிக்கெட்ட நோயாளி வீட்லதான் எடுப்பாங்க" என்றேன்.

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பாஸ்போர்ட்டை உடனே திருப்பித் தரவில்லை. "இந்தப் படத்துல எதுக்கு இப்படி மொறைக்கிறீங்க?"

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"இப்ப யாரும் சொல்லலியே."

விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்து, பாஸ்போர்ட்டையும் தன் கைப்பையையும் என் மடியில் வைத்துவிட்டு, சயாமாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் வரிசையில் பாதி தூரம் போயிருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.