அண்ணன் விட்டுப்போன பயணப் புத்தகம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீடு என்பதே ஒரு கூடம், சமையலறை, ஓர் அறை. அந்த அறை அமெரிக்கா போன அண்ணனுடையது. "அவன் வந்தா எங்கேடா படுப்பான்?" என்று அம்மா அதைப் பூட்டியே வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் கூடத்தில். வருகிறவர் போகிறவர் பேச்சுக்கு நடுவே எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போடுவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அம்மாவிடம் வாய் திறக்க மாட்டேன்.

அறையைத் துடைக்க அம்மா திறந்த ஒரு நாள், அண்ணனின் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். பெரிய நாவலாசிரியர் ஒருவர் வெளிநாடுகளில் கழித்த வருடங்களைத் தேடி, அவர் குடியிருந்த தெருக்களில் எல்லாம் அலைந்த ஒரு பயணி எழுதியது. கல்லூரி நாட்களில் அண்ணன் முடித்த கையோடு பிடுங்கிப் படித்திருக்கிறேன். இரண்டு பேருமே ஊரை விட்டுக் கிளம்பத் துடித்தோம். அவன் கிளம்பினான். நான் பக்கத்து ஊரான நஞ்சன்கூட்டில் தொழிற்சாலை வேலைக்குப் பஸ் ஏறினேன்.

இம்முறை அந்தப் பஸ்ஸில்தான் படித்தேன். கடைசி அத்தியாயம் வரும்வரை எந்தப் பக்கத்திலும் மனம் நிற்கவில்லை. அதில் பயணி, நாவலாசிரியரின் சொந்த ஊர் வீட்டுக்கு வருகிறார். நாவலாசிரியர் இருந்த அறையில் இப்போதைய குடித்தனக்காரர் வீட்டுச் சின்னப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு மேதையின் அறையை இப்படியா வைத்துக்கொள்வது என்று பயணி நொந்துகொள்கிறார். முதல் தடவை நானும் அவரோடு சேர்ந்து கொதித்தவன்தான். இப்போது பயணியின் மேல்தான் கோபம் வந்தது. அந்தப் பெண் வேறெங்கே உட்கார்ந்து எழுதுவாளாம்?

அந்த ஞாயிறு அண்ணன் போன் செய்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். துணிந்து கேட்டுவிட்டேன். "அண்ணா, உன் ரூமைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? பரீட்சை வருது."

"எந்த ரூம்?" என்றான். பிறகு, "ஹௌதா, அப்படியா! அதை இன்னுமா பூட்டி வெச்சிருக்கீங்க? நான் எங்கேடா இனிமே அங்கே வந்து இருக்கப்போறேன்? தாராளமாக் கொடு."

இத்தனை நாள் நான் தவித்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கிடைத்ததும் சந்தோஷம் வரவில்லை. அம்மா ஈரத்தலையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட மட்டும் எந்த ரூம்னு கேட்டுடாதேண்ணா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ரிசீவரை அவளிடம் கொடுத்தேன்.