மீன் கேட்டுச் சண்டை போட்டேன்

சகோதர சகோதரிகளே, இது சாந்தமான சாட்சி அல்ல. சொல்ல எழுந்தாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கோபம் அடங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இத்தனை நாள் காத்திருந்து பார்த்தேன். அடங்கவில்லை. ஆகையால் கோபத்தோடேயே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

என் வீட்டுக்காரர் போத்தனூர் ரயில்வேயில் இயந்திரம் பூட்டுகிற பிட்டர். சிங்காநல்லூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, ஆழக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு எங்கள் பக்கம் வந்த வருஷம், ரயில்வே பாஸ் இருக்கிறதே என்று கூட்டாளிகள் அவரை மலையாளக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அலைக்குள் இறங்கி நின்று, ஈயக்குண்டு கட்டிய தூண்டில் கயிற்றைக் கையால் சுழற்றி வீசுவார்களாம். முதல் வீச்சிலேயே இவருக்கு முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அதற்கப்புறம் லீவு எல்லாம் கடலுக்குத்தான். மீன் ஆசை மட்டும் இல்லை. போன தடவை இடுப்பளவு, இந்தத் தடவை மார்பளவு என்று தண்ணீரை அளந்து பெருமை பேசுவார். கூட்டாளிகள் கரையில் நின்றுகொண்டு, "இன்னும் நாலடி போ மாப்ளே!" என்று கை தட்டுவார்கள். கரையில் நிற்கிறவனுக்கு என்ன கேடு?

"ஏனுங்க, ரெண்டு கொளந்தைங்க இருக்குதுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா எங்கீங்க போவேன்?" என்று கேட்டேன்.

"அட போ அம்மணி! எங்க கெணத்தையே கண்டவனைக் கடலு என்ன பண்ணிப்போடும்?" என்று சிரித்தார்.

கிணற்றில் எந்தப் பக்கம் கை வீசினாலும் சுவர் அகப்படும், படி அகப்படும். கடலுக்கு ஏது படி? இந்தப் புத்திகூடவா ஒரு மனுஷனுக்கு இராது!

நம் சபை உபதேசியாரிடம் போய் அழுதேன். "அடங்கி இருந்து ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். சரி என்று பண்ணினேன். அதையும் கெட்டிக்காரத்தனமாய்ப் பண்ணினேன். ஆண்டவரே, இவருக்கு மீனே அகப்படக் கூடாது, வெறுங்கையோடு வந்து வந்து சலித்துப்போகட்டும் என்று கேட்டேன். கேட்டபடியே நடந்தது. மாசக்கணக்கில் ஒரு பொடிமீன்கூட மாட்டவில்லை. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

ஐப்பசியில் ஒரு லீவு நாள், மனுஷன் சலித்துவிட்டாரா பார்ப்போம் என்று குழந்தைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அவரோடும் கூட்டாளிகளோடும் நானும் கூடப் போனேன். கரையில் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மீன் கிடைக்காத ரோஷத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் இன்னும் உள்ளே போயிருக்கிறார்! அன்றைக்குக் கழுத்தளவு. அலை வந்தால் தலை மறையும், போனால் தெரியும். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். இவர் காலடி மணலைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகிறது, சீக்கிரம் கூப்பிடு என்று மலையாளத்தில் கத்தினார். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இவர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, இன்னும் ஓரடி முன்னே வைத்தார்.

நான் முழங்கால் போடவில்லை. கண்ணை மூடவில்லை. முக்காடு எங்கே போயிற்றோ தெரியாது. வானத்தைப் பார்த்துச் சண்டைக்கு நின்றேன்.

"மீன் வேண்டாமுன்னு நா கேட்டா, மீனை நிறுத்திப்போட்டு மனுசனை உள்ளே இழுப்பீங்களா? எனக்கு வேணுங்கறது இவருங்க! ஒரு மீனைக் குடுத்து இந்த ஆளைத் திருப்புங்க. இப்பவே குடுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, அவர் கையிலிருந்த கயிறு விறைத்தது. பெரிய மீன் மாட்டினால் நின்ற இடத்தில் நின்று இழுக்க முடியாது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடக்க வேண்டும். நடந்தார். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கிற மாடு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, முக்கி முக்கி நடந்தார். மார்பு தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. முழங்கால் தண்ணீருக்கு அவர் வந்தபோது பின்னால் ஓர் அலை எழுந்து, அவர் நின்றிருந்த இடத்தில் இடி மாதிரி விழுந்தது. அதன் மிச்சமே அவரைப் புரட்டிப்போட்டது. வலைக்காரர் ஒரு கையைப் பிடித்தார், நான் ஒரு கையைப் பிடித்தேன். இழுத்து மணலில் போட்டோம். கயிறு அறுந்துபோயிருந்தது.

மணலைத் துப்பிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அம்மணி, மீனு போயிருச்சே!"

ஓங்கி ஒன்று விட்டேன். கூட்டாளிகள் பார்க்க, வலைக்காரர் பார்க்க, புருஷன் கன்னத்தில். பிறகு அவரையே கட்டிக்கொண்டு அழுதேன். அவர் மெல்லத் திரும்பி, தாம் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே நுரை சுழன்றுகொண்டிருந்தது. அப்புறம்தான் மீனை மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புருஷனை அடிக்கலாமா, ஆண்டவரோடு மல்லுக்கு நிற்கலாமா என்று இந்தச் சபையிலேயே சிலர் என்னைக் கேட்டீர்கள். அடக்கமாய் ஜெபித்த நாளெல்லாம் நான் கேட்டது மீன் வேண்டாம் என்று. மனசில் இருந்ததோ இவர் வேண்டும் என்று. கோபம் வந்த பிறகுதான் அதை வாய்விட்டுக் கேட்டேன்.

இப்போது அவர் சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் உட்கார்ந்து கெண்டை பிடிக்கிறார். கணுக்கால் நனைவதில்லை. குடும்ப ஜெபத்தில் நான் வாயைத் திறந்தாலே, "மெல்லக் கேளு அம்மணி, குடுத்துப்போடுவாரு" என்று பயப்படுகிறார்.

உங்களுக்கும் கோபம் இருந்தால் அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள். எடுத்துக்கொண்டு வந்து, வேண்டியதை நேராகக் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில், அதோ, ஆண்கள் பக்கம் தூணோரமாய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.