எண் தேய்ந்த பித்தளை வில்லை

சண்டை போடத்தான் அன்று காலை செல்லத்துரைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அவருடைய மருமகன். "மாமா நேத்து சாயந்திரம் தவறிட்டாவம்மா. நெஞ்சுவலி" என்றார்.

பழைய லாரிகளைப் பேணும் நம் வட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. அந்தக் காலத்தில் கம்பெனி லாரிச் சாவியில் கோத்துக் கொடுத்த, எண் குத்திய பித்தளை வில்லை தொலைந்துபோனால், தாராவியில் அவர் கடைக்குத்தான் போவோம். கூரை வரை தகரப் பெட்டிகள். ஒன்றின் மேலும் எழுத்து கிடையாது. கான்வென்ட்டில் வரிசையும் ஒழுங்கும் பழகிய எனக்கு அங்கே நுழைந்தாலே எரிச்சல் வரும்.

"பெட்டி மேல ஒரு பேர் எழுதி ஒட்டப்படாதா?"

"ஒட்டுனா எல்லாவனும் எடுத்துருவாம்மா. பொறவு நான் எதுக்கு?"

ஒருமுறை சான்பாடாவிலிருந்து ஒருவர் கறுத்துப்போன வில்லை ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தார். செல்லத்துரை அதை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நேத்துப் பொறந்த புள்ளைக்கு நரைமுடி ஒட்டிக் கொண்டாந்திருக்கீரு. டீத்தண்ணியில ஊறப்போட்ட வாடை இன்னும் போகலையே" என்றார். வந்தவரும் சிரித்துவிட்டார்.

என்னிடம் மட்டும் அவர் இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்க வேண்டாம். என் கணவர் வாங்கிய முதல் லாரி செம்பூர் ஷெட்டில் நிற்கிறது. அதன் ஒவ்வொரு பாகமும் அசல் என்று கண்காட்சியில் சான்று வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்குப் பிறகு அது என் பொறுப்பாயிற்று. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குச் சாவி, வில்லை எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துத்தான் சாமி முன் வைப்போம். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் வில்லையில் இருந்த எண் மறைந்துவிட்டது. லாரிப் பூட்டில் உள்ள எண் வில்லையிலும் இல்லாமல் சான்று கிடையாது என்று நடுவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

எண் குத்தும் பழைய அச்சுகள் செல்லத்துரையிடம் இருந்தன. "வில்லை எங்களோடது. நம்பர் பூட்டுலயே இருக்கு. அதையே திரும்பக் குத்தறதுல என்ன பொய்?" என்று கேட்டேன்.

"பொய்யே இல்லம்மா. வில்லை ஒரிஜினலு, நம்பரும் நெசம். ஆனா குத்து இன்னைக்குள்ளதுல்லா? நான் குத்த மாட்டேன்."

"புளி போட்டுத் தேய்ச்சது குத்தமா?"

"சாமிக்குச் செஞ்சது எப்படிக் குத்தமாவும்? நடுவருக்குத் தெரியலன்னா அது அவம் பாடு."

இதே வழக்கு ஒவ்வொரு கண்காட்சிக்கு முன்னும் நடக்கும். ஒருதடவைகூட என்னால் அவரை அசைக்க முடியவில்லை. அன்று போன் செய்ததும் இதற்காகத்தான்.

துக்கம் விசாரிக்கப் போனபோது மருமகன் என்னைத் தனியே அழைத்து, "வில்லையக் கொண்டாங்கம்மா, நான் குத்தித் தாரேன். மாமாதான் இல்லையே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வில்லை என் கைப்பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

செல்லத்துரை சொன்னது சரியென்று இப்போதும் நான் ஒப்பவில்லை. அந்தச் சான்று எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவரிடம் பேசி ஜெயிக்க முடியாததை, அவர் இல்லாத கடையில் ஜெயித்துக்கொள்வது மரியாதையில்லை. இந்த வருஷமும் லாரியைக் கண்காட்சிக்கு அனுப்புவேன். நடுவர்களோடு நானே வாதாடுவேன். செல்லத்துரையிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தீராத இந்த வழக்குதான். அதை நான் விடுவதாக இல்லை.