இத்தாலி வண்டியும் ஒரு வாளி ரசமும்

என்னிடம் இருந்தது இத்தாலிக்காரன் வடிவமைத்து நம் நாட்டில் செய்த பழைய ஸ்கூட்டர். கையில் கியர், வலப்பக்கம் எஞ்சின். தனியாக ஓட்டினால் வலப்பக்கமே இழுக்கும். அதனால் முப்பது வருஷமாக இடப்பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தே ஓட்டினேன். மனைவி பின்னால் ஏறினால்தான் நிமிர்வேன். நம் பெண்கள் இடப்பக்கம் கால் போட்டு உட்காருவது தெரிந்துதான் இத்தாலிக்காரன் எஞ்சினை வலப்பக்கம் வைத்தான் என்று கள்ளக்குறிச்சியில் பலரிடம் அளந்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை.

மகள் சங்கராபுரத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அதே இத்தாலி வம்சத்தில் புதுசு ஒன்று வாங்கினாள். கியர் கிடையாது, சக்கரமும் பெரிது. ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு இடப்பக்கமே போய், எதிர்வீட்டுக் கோலத்தின் நடுவே நின்றது. என்னுடையது முன் பிரேக்கைத் தொட்டாலே மூக்கைக் கீழே போடும். இது துளி கூடக் குனியவில்லை. உள்ளுக்குள் மெச்சினேன். வெளியே, மெத்தையில் உட்கார்ந்து போவதெல்லாம் வண்டி ஓட்டுவதா என்று இளக்காரம் பேசினேன்.

வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அங்கே எது நிற்பது என்று மகள் பந்தயம் கட்டினாள். வெள்ளிமலையில் இருக்கும் என் கொழுந்தியாள் வீட்டுக்கு, மூடி போடாத வாளி நிறைய ரசத்தோடு அம்மா பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். ஒரு ஞாயிறு என் வண்டி, மறு ஞாயிறு அவள் வண்டி. அதிகம் சிந்தினது என் வண்டியானால் அதை விற்றுவிட வேண்டும். அவளுடையதானால் அது தெருமுனையில் இருக்கும் எங்கள் பழைய ஷெட்டுக்குப் போகும்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் என் வண்டியின் இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினேன். குலுக்கல் குறையும் அல்லவா? ஆபத்துக்குப் பாவமில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, அத்தனை வளைவும் ஏறி, என் வண்டியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. மறு ஞாயிறு நான் பஸ்ஸில் முன்னாடியே போய்க் கொழுந்தியாள் வாசலில் காத்திருந்தேன். மகள் வண்டி வந்து நின்றது. பாதி ரசம் என் மனைவியின் புடவையில். குதிக்காத குறைதான் எனக்கு. ஷெட்டைக் கூட்டி வைக்கட்டுமா என்று மகளைச் சீண்டினேன். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

மனைவி முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னாள்:

"உங்க வண்டில ஏறனா எங்க பள்ளம் வருதுன்னு ரோட்டயே பாத்துக்கினு வருவேன். பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே வாளிய மேல தூக்கிக்குவேன். இவ வண்டில அந்த நெனப்பே வர்ல. மலய பாத்துக்கினு வந்துட்டேன். எத்தினி வருசமா வந்துக்கினு போய்க்கினு கீறேன், இன்னிக்குதாங்க இந்த மலய பாத்தேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. டயரில் காற்று இறக்கியதையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். அது மனைவிக்கு அன்றைக்கே தெரியுமாம்.

அடுத்த வாரமே என் வண்டியை நானே விற்றுவிட்டேன். பந்தயத்தில் ஜெயித்தது நான்தான் என்பதை மட்டும் வீட்டில் ஒருத்தரும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.