நாங்கள் காட்டாத சுனை

எங்கள் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் முதலில் கோலப்பொடியில்தான் வந்தது. மக்களே ஊரின் படத்தை வரைந்து, மக்களே நீர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மண்ணைப் பெருக்கி, ரோட்டையும் வீடுகளையும் வெள்ளைப் பொடியிலும், காட்டைப் பச்சையிலும், தண்ணீர் இருக்கும் இடங்களை நீலத்திலும் போட்டோம். போட்டோம் என்கிறேன், போட்டது நான்தான். ராசிபுரத்தில் விடுதியில் தங்கிப் பட்டம் படித்தவள் என்று ஊர்க் குடிநீர்க் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். மகளுக்கு அப்போது எட்டு மாதம். அவளை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து வரைந்தேன்.

ஊருக்குக் கிழக்கே சரிவில் ஒரு சுனை இருக்கிறது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. சாமிக்கு உரிய இடம். செருப்புக் காலோடு அங்கே இறங்கமாட்டோம். கடப்பாரை, மண்வெட்டி எதுவும் அந்த எல்லைக்குள் போகாது. பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பவர்கள் முப்பது நாளைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. வெளியாட்களிடம் அந்த இடத்தைச் சொல்வதும் கிடையாது. படம் வரைவதற்கு முந்தின வாரம் ஊர்க் கூட்டத்தில் அதை மறுபடியும் பேசி முடித்திருந்தார்கள்.

“பைப்புப் போடறேன்னு பூட்ஸ் காலோட எறங்குவானுங்க. பள்ளத்துக் கெணத்தக் காட்டுங்க, போதும்” என்றார் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

சுனை இருந்த இடத்தில் பச்சைப் பொடியைத் தூவினேன்.

திட்டத்துப் பொறியாளர் நல்ல மனிதர். அவசரத்தில் இருந்தார். “மார்ச்சுக்குள்ள எஸ்டிமேட் போகலைன்னா பணம் வேற ஊருக்குப் போயிரும்மா” என்றார். பள்ளத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். கார்த்திகை மாதம், கையை விட்டால் தண்ணீர் எட்டும். “கோடைக்குத் தாங்குமா?” என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், “நாங்க வத்துனாலும் எங்க கெணறு வத்தாதுங்க சார்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே படிவத்தை என்னிடம் நீட்டினார். ஆண்டு முழுவதும் நீர் கிடைக்குமா என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டங்கள். பங்குனியில் அந்தக் கிணற்றின் அடியில் பாறை தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். “ஊரே ஒண்ணு சொல்லுது. நீ மட்டும் தனியா நின்னு என்ன பண்ணுவ?” என்றார். அது சரிதான் என்று பட்டது. சரியில்லை என்றும் பட்டது. படிவம் மேலே போய்விட்டது.

பணத்தில் ஒரு பங்கு டெல்லியிலிருந்தும் ஒரு பங்கு சென்னையிலிருந்தும் வரும், மிச்சம் இருக்கும் கொஞ்சத்தை ஊர்தான் தர வேண்டும், காசாக முடியாவிட்டால் உழைப்பாகத் தரலாம் என்றார்கள். மரத்தில் தூளி கட்டி மகளைப் போட்டுவிட்டு நானும் பள்ளம் தோண்டினேன். நீளக் குழாய்களை ஏற்றி வந்த லாரியால் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்ப முடியவில்லை. பாதி மலையில் இறக்கி, அறுத்து, பிக்கப் வண்டிகளில் ஏற்றினார்கள். அதில் ஒன்று என் கணவர் ஓட்டும் வண்டி. பாறை வந்த இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் குழாயை வைத்து மண்ணை மூடினார்கள். கேட்டதற்கு, “இதுக்கு மேல தோண்ட வெடிதான் வெக்கணும், எஸ்டிமேட்ல இல்லீங்க” என்றார் மேஸ்திரி. மேட்டில் தொட்டி எழுந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழாய் நின்றது.

புரட்டாசியில் தண்ணீர் விட்டார்கள். வீட்டுக்கு வீடு குழாயைத் திறக்கச் சொல்லிக் கைபேசியில் படம் எடுத்தார்கள். வேலை முடிந்தது என்ற சான்றிலும் குழு சார்பில் நான் கையெழுத்திட்டேன். அப்போது வயிற்றில் நான்கு மாதம். பிள்ளை பிறந்த பிறகு முப்பது நாளும் சுனைக்குப் போக முடியாது, ஆனால் வாசலில் தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். முதல் பிரசவத்தின்போது அந்த முப்பது நாளில் பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்தக் குழாய் எல்லாரையும்விட எனக்குத்தான் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான் பொய் எழுதியிருந்தேன்.

மாசியில் குழாய் காற்றை மட்டும் ஊதியது. பங்குனி முதல் வாரம் நாமக்கல்லில் மகன் பிறந்தான். வீட்டுக்குத் திரும்பியபோது பள்ளத்துக் கிணற்றில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் கிடந்தது. மாமியாருக்கும் கணவருக்கும் அதே தீட்டு. பக்கத்து வீட்டு அக்கா சுனையிலிருந்து தினம் ஒரு குடம் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

“இன்னொரு குடம் ஆகுமாக்கா?”

“எங்கூட்டுக்கே ரெண்டு நடை போறேன் கண்ணு. முட்டி கழண்டுக்குது.”

அந்த ஒரு குடம் குடிக்கவும் சமைக்கவும். மற்றதற்குக் கிணற்றுக் கலங்கல். குழுவில் இருந்ததால் தண்ணீர் பரிசோதிக்கும் பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்துப் பயிற்சியும் தந்திருந்தார்கள். கிணற்று நீரைச் சின்னப் புட்டியில் ஊற்றி வைத்தேன். கெட்ட நீராக இருந்தால் புட்டி கறுக்கும். மறுநாள் மை போலக் கறுத்திருந்தது. அதனால் அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தேன். பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளியை மட்டும் விட்டுவிட்டேன். மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் அதிலிருந்து டம்ளரில் மொண்டு குடித்தாள். நான் பார்த்தேன். எழுந்து போவதற்குள் டம்ளர் காலி.

இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. மறுநாள் மதியத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. கணவர் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு ஏற்றிப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் பைக்கை எடுத்தார். மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டு மலை மேலேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை குத்தியபோது அவள் கையை இழுக்கக்கூட இல்லை.

“என்ன தண்ணி குடுத்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

“கெணத்துத் தண்ணிங்க.”

“படிச்ச மாதிரி இருக்கீங்க” என்றார்.

பால் குடிக்கும் மகனைக் கணவர் அன்று இரவே என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். மூன்று நாளில் மகளை அனுப்பினார்கள். தூக்கினால் துணி மாதிரி இருந்தாள். எந்த டம்ளரை நீட்டினாலும் முகர்ந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் பொறியாளருக்குப் போன் செய்தேன். பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் பேசினார்.

“உங்க ஊர் வேலை முழுசா முடிஞ்சதுன்னு இருக்கும்மா. கிணறு வத்தாதுன்னு ஒரு கையெழுத்தும் இருக்கு.”

“அது என் கையெழுத்துங்க சார். பொய்யா எழுதினேன்.”

அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “வேற ஆதாரம் இருக்காம்மா?” என்றார். இருக்கிறது என்றேன். எங்கே என்பதையும் சொன்னேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

மகன் பிறந்த இருபத்து நான்காம் நாள் அவர் வந்தார். எனக்கு இன்னும் தீட்டு. ஒற்றையடிப் பாதையின் தலைப்பிலேயே நின்று வழி காட்டினேன். ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தள்ளி நின்றார்கள். நான் சொல்லாமலேயே அவர் பூட்ஸைக் கழற்றிப் பாறை மேல் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். ஒரு பிளாஸ்டிக் வாளியை ஊற்றின் கீழே பிடித்து, கைபேசியில் நேரம் பார்த்து, பல முறை அளந்தார். மேலே வந்தபோது பாதத்தில் முள் ஏறியிருந்தது.

“இது குடத்துக்குத்தான்மா போதும். மோட்டார் வெச்சா கொஞ்ச நேரத்துல சேறுதான் வரும். ஊருக்கே குழாயில விட இது பத்தாது.”

“அப்ப முதல்லயே இதைச் சொல்லியிருந்தா…”

“கிணத்தைப் பத்தியும் உண்மையச் சொல்லியிருந்தா இங்க ரெண்டுமே ஆகாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். தூரத்துல இருந்து கொண்டுவர்ற மாதிரி திட்டம் போட்டிருப்பாங்க. இப்ப எழுதினா, முடிஞ்ச ஊருக்கு மறுபடி எதுக்குன்னு திருப்பி அனுப்புவாங்க.” முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, “எழுதறேன்மா, எழுதாம இருக்கமாட்டேன்” என்றார். பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சுனையை மறைத்துத் தண்ணீர் வராமல் கெடுத்தேன் என்றுதான் அதுவரை என்னை வைதுகொண்டிருந்தேன். சுனை எங்களுக்குக் குழாய்த் தண்ணீரைத் தந்திருக்கப் போவதில்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

மாமியார் கத்தவில்லை. மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “காட்டிக் குடுத்துட்டியே சாமி” என்றார். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குடமும் வரவில்லை. கணவர் வண்டியில் கேன்களை வைத்துக் கீழிருந்து நிரப்பி வந்தார். சவாரி இல்லாத நாளில் அதுவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் தலைக்குக் குளித்து, குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்கு இறங்கினேன். ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். எனக்கு இடம் விட்டார்கள். என் முறை வந்தபோது குடம் நிறைந்தது. அங்கே ஒருத்தியின் குடத்தை அடுத்தவள்தான் கைகொடுத்துத் தலைக்கு ஏற்றிவிடுவாள். சும்மாட்டை வைத்துக்கொண்டு குனிந்து காத்திருந்தேன். பின்னால் நின்றவள் என்னைச் சுற்றிப் போய்த் தன் குடத்தை ஊற்றின் கீழே வைத்தாள்.

தனியாகத் தூக்கிப் பார்த்தேன். அடிவயிறு இழுத்தது. தரையில் கொட்டாமல் பாதித் தண்ணீரைச் சுனையிலேயே திரும்ப ஊற்றிவிட்டு, மீதியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். அன்றைக்கு மகள் குடிக்கவும் ஒரு வேளைச் சமையலுக்கும் அது சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து சின்னக் குடத்தை எடுத்துப் போகிறேன்.